விமானத்தில் ஏரோசால் அளவீடு: எண் சரியில்லை என்றால் எங்கே பார்ப்பது?

ஏரோசால், அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள்களை எண்ணும் கருவி தரையில் ஒழுங்காக ஓடிவிட்டு, விமானத்தில் ஏற்றியதும் கோளாறு செய்வது வழக்கம்தான். ஆய்வகத்தில் அழுத்தம் மாறாது, காற்று நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் முகத்தில் அறையாது, மேகம் வந்து மோதாது. மேலே இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 1999-ல் இந்தோயெக்ஸ் ஆய்வுக்காக மாலத்தீவிலிருந்து பறந்த சி-130, 2006-ல் ஐகார்ப் திட்டத்தில் இந்தியக் கடற்கரையோரம் பறந்த கிங் ஏர், 2016 முதல் 2018 வரை ஏ-டாம் திட்டத்துக்காகப் பெருங்கடல்களைச் சுற்றிவந்த நாசாவின் டிசி-8 என்று விமானங்கள் வேறாக இருக்கலாம். கருவிகள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது நடுத்தரமான ஓர் ஏற்பாடு. இரட்டை எஞ்சின் டர்போப்ராப் விமானம். இறக்கைக்குக் கீழே பீகாஸ்ப்: 0.1 முதல் 3 மைக்ரான் வரையிலான துகள்களை லேசரில் அளந்து அளவு வாரியாகப் பிரிப்பது. கேபினுக்குள் சிபிசி: துகளின் மேல் பியூட்டனால் ஆவியைப் படியவைத்து, அதைப் பெரிதாக்கி எண்ணுவது. 10 நானோமீட்டர் துகள் வரை இதற்குத் தெரியும். கூடவே ஒளிச்சிதறலுக்கு நெஃபலோமீட்டர், ஒளி உறிஞ்சலுக்கு பிசாப்: ஃபில்டரில் கரி படியப் படிய அதை ஊடுருவும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. கேபின் கருவிகள் எல்லாவற்றுக்கும் காற்று ஒரே இன்லெட் (வெளிக்காற்றை உள்ளிழுக்கும் குழாய்வாய்) வழியாகத்தான் வருகிறது.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான். வெளி அழுத்தம், மேக நீர் அளவு, கருவியின் ஃப்ளோ (அதன் வழியே ஓடும் காற்றின் அளவு), துகள் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நேர அச்சில் வரையுங்கள். எண்ணிக்கை எந்த நொடியில் மாறியது, அதே நொடியில் வேறு எது மாறியது என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ‘அவுட்லையர்’ என்று பெயர் வைத்துப் புள்ளியை அழிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மேலே ஏற ஏற எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது

இது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். மேலே போகும்போது காற்று மெலிகிறது. துகளும் காற்றும் சேர்ந்தே விரிவதால், ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் துகள் குறைகிறது. காற்றில் கலந்திருக்கும் விகிதம் உண்மையில் குறைந்ததா என்று தெரியவேண்டுமானால், எல்லா எண்ணையும் 1013.25 ஹெக்டோபாஸ்கல், 0 டிகிரி செல்சியஸ் என்ற நிலையான அளவுக்கு மாற்றியாகவேண்டும். எண்ணிக்கையை (1013.25 ÷ அழுத்தம்) × (வெப்பநிலை ÷ 273.15) என்பதால் பெருக்குங்கள்; வெப்பநிலை கெல்வினில்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். எந்த இடத்து வெப்பநிலை? விமானம் 500 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் பறக்கிறது, வெளியே மைனஸ் 5 டிகிரி என்று வைப்போம். வெளி வெப்பநிலையைப் போட்டால் பெருக்குத்தொகை 1.99. ஆனால் சிபிசி காற்றை அளந்தது கேபினுக்குள், 25 டிகிரியில். அதைப் போட்டால் 2.21. சிபிசி காட்டிய கன சென்டிமீட்டருக்கு 300 துகள் என்பது ஒரு கணக்கில் 597, இன்னொரு கணக்கில் 663. பத்து சதவீத வித்தியாசம், எந்தக் கருவியும் கெடாமலே. ஃப்ளோ எந்த இடத்தில் கன அளவாக அளக்கப்படுகிறதோ, அந்த இடத்து அழுத்தமும் வெப்பநிலையும்தான் சரி. குழாய்க்குள் அழுத்தம் வெளி அழுத்தத்தைவிடச் சற்று வேறாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி: மாஸ் ஃப்ளோ மீட்டர் காட்டும் ‘ஸ்டாண்டர்டு லிட்டர்’. சில மீட்டர்களுக்கு ஸ்டாண்டர்டு என்பது 0 டிகிரி, சிலவற்றுக்கு 20 டிகிரி, சிலவற்றுக்கு 25. மீட்டரின் கையேட்டில் அது எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

கணக்கெல்லாம் சரி, அப்படியும் குறைகிறது என்றால் பம்பைச் சந்தேகியுங்கள். பல சிபிசிகளில் ஃப்ளோவை நிலையாக வைத்திருப்பது ஒரு சிறு துளை. துளைக்குப் பின்னால் இருக்கும் அழுத்தம் முன்னால் இருப்பதில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே இருக்கும்வரை, கன அளவு ஃப்ளோ மாறாது. தரையில் பம்ப் 400 ஹெக்டோபாஸ்கல் வரை இழுத்தாலே போதும். வெளியே 500 என்றாகும்போது அது 265-க்குக் கீழே இழுக்கவேண்டும். பம்ப் தன் காற்றை அழுத்தமூட்டிய கேபினுக்குள் விடுகிறது என்றால், உள்ளே சுமார் 800 இருக்கும் இடத்துக்கு எதிராகத் தள்ளவும் வேண்டும். பழைய டயாஃப்ரம் பம்ப் இங்கே மூச்சு வாங்கும். ஃப்ளோ மெல்லக் குறையும், நீங்கள் நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். துளைக்குப் பின்னால் ஓர் அழுத்த சென்சார் வைத்து அதையும் பதிவுசெய்யுங்கள். விலை அதிகமில்லாத சென்சார்தான். அது இல்லாத ஏற்பாட்டை நான் நம்பமாட்டேன்.

மேகத்துக்குள் நுழைந்ததும் சிபிசி எகிறுகிறது

மேகத்துக்கு வெளியே 400 காட்டிக்கொண்டிருந்த கருவி, உள்ளே போனதும் சில ஆயிரங்களுக்குத் தாவும். மேகத்துக்குள் புதுத் துகள் பிறக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மேகத்துளி 10, 20 மைக்ரான் அளவுள்ளது. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் அது இன்லெட்டின் உதட்டில் மோதிச் சிதறுகிறது. சிதறிய ஒவ்வொரு துணுக்கிலும் கரைந்திருக்கும் உப்போ சல்ஃபேட்டோ கொஞ்சம் இருக்கும். குழாய் வழியே வருவதற்குள் தண்ணீர் ஆவியாகிவிடும். மிச்சம் ஒரு நுண்துகள். ஒரு துளி பல துகள்களாகி எண்ணப்படுகிறது.

உறுதிப்படுத்துவது எளிது. மேக நீர் அளவையும் சிபிசி எண்ணிக்கையையும் மேலேற்றி வரையுங்கள். சிதறல் என்றால் இரண்டும் நொடிக்கு நொடி ஒட்டிப்போகும். மேகம் தடித்தால் எண்ணும் ஏறும், மெலிந்தால் இறங்கும். மேக ஓரங்களிலும் மேலெழுந்த மேகங்களின் வெளியேற்றக் காற்றிலும் உண்மையாகவே புதுத் துகள்கள் பிறப்பதுண்டு. அது நீர் அளவோடு ஒட்டி ஆடாது, மேகம் முடிந்த பிறகும் கிலோமீட்டர் கணக்கில் தொடரும்.

மேக நீர் ஒரு வரம்பைத் தாண்டிய நொடிகள் எல்லாவற்றுக்கும் கொடி போடுங்கள், அதாவது சந்தேகத் தரவு என்று குறியிடுங்கள். கன மீட்டருக்கு 0.01 கிராம் என்பது தொடங்குவதற்கு நல்ல வரம்பு. முன்னும் பின்னும் சில நொடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; மேகத்தை விட்டு வெளியே வந்த பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நனைந்த உதடு உடனே காய்வதில்லை, ஒட்டியிருக்கும் நீர்ப்படலம் கொஞ்சநேரம் உதிர்ந்துகொண்டே இருக்கும். மழையில் போய் வந்திருந்தால் இந்த வால் இன்னும் நீளம். வெளியே வந்தபின் எண்ணிக்கை பழைய நிலைக்கு எப்போது திரும்புகிறது என்று உங்கள் இன்லெட்டுக்கு நீங்களே பார்த்து முடிவுசெய்யுங்கள். இன்னொரு விமானத்தின் கணக்கு இங்கே பொருந்தாது.

துளிக்குள் இருக்கும் துகளையே அளக்கவேண்டும் என்றால் சாதாரண இன்லெட்டால் ஆகாது. எதிர்க்காற்று ஊதி, சிறு துகள்களைத் தடுத்து, துளிகளை மட்டும் உள்ளே விடும் சிவிஐ இன்லெட் வேண்டும். சாதாரண இன்லெட்டின் மேகத் தரவைத் திருத்திப் பயன்படுத்த முயல்வது வீண் மெனக்கெடல்.

தெளிந்த வானில் ஓரிரு நொடிக்கு ஊசிபோல உச்சங்கள்

முதல் சந்தேகம் உங்கள் விமானத்தின் புகைதான். இன்லெட் எஞ்சினுக்கு முன்னால் இருந்தால் நேராகப் பறக்கும்போது பிரச்சினை இல்லை. ஒரே உயரத்தில் வட்டமிடும்போதோ, போன வழியிலேயே திரும்பி வரும்போதோ, சில நிமிடங்களுக்கு முன் விட்டுப்போன புகைக்குள் நீங்களே நுழைகிறீர்கள். பறந்த தடத்தைக் காற்று வேகத்துக்கு ஏற்ப நகர்த்தி வரைந்து பாருங்கள். உச்சங்கள் தடம் குறுக்கிடும் இடங்களில் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு அடையாளம்: சிபிசி ஆயிரக்கணக்கில் தாவும், பீகாஸ்ப் அசையாது. எஞ்சின் புகைத் துகள்கள் பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர்தான். பீகாஸ்ப்பின் கண்ணுக்கு அவை சிக்காது. நைட்ரஜன் ஆக்சைடு கருவி விமானத்தில் இருந்தால் அதிலும் அதே நொடியில் உச்சம் தெரியும்.

கடலுக்கு மேல் தாழ்வாகப் பறக்கிறீர்கள் என்றால் கப்பல் புகையையும் கணக்கில் எடுங்கள். இலங்கைக்குத் தெற்கே போகும் கப்பல் பாதை செயற்கைக்கோளின் நைட்ரஜன் டை ஆக்சைடு படங்களிலேயே கோடாகத் தெரியும் அளவுக்கு நெரிசலானது. கப்பல் புகை பரவி அகன்றிருக்கும், கந்தக டை ஆக்சைடும் சேர்ந்து ஏறும். அதை அழிக்காதீர்கள், அது உண்மையான அளவீடு.

ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்துத் தரவுக்கு மதிப்பே இல்லை. அப்போது பிசாப்பின் ஃபில்டர் வழியே காற்றை ஓடவும் விடாதீர்கள். முன்னால் நிற்கும் விமானத்தின் கரியில் ஃபில்டர் பறப்பதற்கு முன்பே கருத்துவிடும்.

சிபிசி, பீகாஸ்ப்பைவிடக் குறைவாகக் காட்டுகிறது

நடக்கவே கூடாத விஷயம். 10 நானோமீட்டரிலிருந்து எண்ணும் கருவி, 100 நானோமீட்டரிலிருந்து எண்ணும் கருவியைவிடக் குறைவாகக் காட்ட முடியாது. இரண்டில் ஒன்று தப்பு, அல்லது இரண்டுமே.

இரண்டையும் ஒரே நிலையான அளவுக்கு மாற்றிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பீகாஸ்ப்பை வெளி நிலையிலும் சிபிசியைத் திருத்தாமலும் ஒப்பிட்டுவிட்டு மணிக்கணக்கில் பம்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அடுத்து பியூட்டனால். ஆவியாக்கும் பகுதி சூடாகவும் குளிர்விக்கும் பகுதி அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் ஆவி துகள்மேல் படியும். டிஎஸ்ஐ நிறுவனத்தின் சிபிசியான 3010 மாடலில் இந்த வித்தியாசம் வழக்கமாக 17 டிகிரி. மே மாதம் நண்பகலில், எஞ்சின் ஓடாத விமானம் வெயிலில் நின்றால் கேபின் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்விப்பான் திணறும், வித்தியாசம் சுருங்கும், சின்னத் துகள்கள் எண்ணுக்குள் வராமல் போய்விடும். பெரிய துகள்கள் மட்டும் எண்ணப்படுவதால் கருவி ஓடுகிற மாதிரியேதான் தெரியும். ஆகவே இரண்டு வெப்பநிலைகளையும் பதிவுசெய்யுங்கள். தரையில் நிற்கும்போது கேபினுக்குள் குளிர்காற்று ஊதும் வண்டி வேண்டும் என்று விமானக்குழுவிடம் கேட்கத் தயங்கவேண்டாம்.

ஈரப்பதமும் ஒரு வில்லன். பருவமழைக் காலத்தில் கடலுக்கு மேல் தாழ்வாகப் பறந்தால், குளிர்விப்பானில் காற்றிலிருக்கும் நீராவியும் சேர்ந்து படிந்து பியூட்டனாலில் கலக்கும். எண்ணிக்கை நாளுக்கு நாள் மெல்ல இறங்கும். ஒவ்வொரு பறப்புக்கு அப்புறமும் பழையதை வடித்துப் புதியது ஊற்றுவதுதான் மருந்து.

பியூட்டனால் லேசர் பகுதிக்குள் புகுந்துவிட்டால் எண்ணிக்கை ஒன்று பூஜ்யமாகும், இல்லையென்றால் கண்டபடி ஆடும். விமானம் சாய்ந்து திரும்புவதால்தான் இது நேர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காகத் திரும்பும் விமானத்தில் எடை தரைத்தளத்தை நோக்கியேதான் அழுத்தும். கையிலிருக்கும் டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தாது. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போதும், செங்குத்தாக ஏறி இறங்கும்போதும்தான் திரவம் பின்னுக்கும் முன்னுக்கும் போகிறது. கருவியை எந்தத் திசையில் பொருத்தியிருக்கிறீர்கள், ஏறும்போது திரவம் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். கிளம்பும்போது திரவ அளவைக் குறைத்து வைத்து, மேலே போய் நிரப்புவதும் உண்டு. கேபினில் இனிப்பும் கசப்புமாக ஒரு வாடை தூக்கலாக வந்தால் வெளியேற்றும் குழாய் எங்கோ கழன்றிருக்கிறது என்று அர்த்தம். தலைவலி வரும்வரை காத்திருக்கவேண்டாம். அது தீப்பிடிக்கக்கூடிய ஆவியும்கூட.

சிந்து கங்கைச் சமவெளி மாதிரி மாசு நிறைந்த இடத்தில் இன்னொன்றும் நடக்கும். கன சென்டிமீட்டருக்கு 10,000-ஐத் தாண்டும்போது இரண்டு துகள்கள் லேசரில் ஒன்றாக விழுந்து ஒன்றாகவே எண்ணப்படும். இந்த வகை சிபிசிகளுக்கு அதுதான் எல்லை. அங்கே வரைபடம் மேலே தட்டையாகிவிட்டிருந்தால் காரணம் இதுதான்.

எல்லாம் சரி என்றால் பீகாஸ்ப் கூடுதலாகக் காட்டுகிறதோ? அதன் முதல் பெட்டியில், அதாவது 0.1 மைக்ரானை ஒட்டிய மிகச் சிறிய அளவில், மின்னணு இரைச்சலும் துகளாக எண்ணப்படும். முதல் பெட்டியை விட்டுவிட்டுக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் மாயமாகிவிட்டால் விடை கிடைத்துவிட்டது. மாறாவிட்டால் பீகாஸ்ப்பின் ஃப்ளோ சென்சாரைப் பாருங்கள். எண்ணிக்கையை ஃப்ளோவால் வகுப்பதால், ஃப்ளோ குறைவாகப் பதிவானால் செறிவு ஏறிவிடும். அதன் மாதிரி ஃப்ளோவே நொடிக்கு 1 கன செ.மீ.தான். இத்தனை சின்ன எண்ணில் சிறு நகர்வும் பெரிய பிழை.

அளவுப் பரவலில் எப்போதும் ஒரே இடத்தில் பள்ளம் அல்லது மேடு

எந்த ஊரில் பறந்தாலும், எந்தக் காற்றானாலும் அதே பெட்டியில் பள்ளம் என்றால் அது கருவியின் குணம். பீகாஸ்ப்பில் ஒளிச்சைகையைப் பெரிதாக்க மூன்று பெருக்கிகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லைப் பெட்டிகளில் சில துகள்கள் தவறும், சில இடம் மாறும். அந்தப் பெட்டிகளைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.

பரவல் முழுவதுமே சிறிய அளவுப் பக்கமாக நகர்ந்திருந்தால் கண்ணாடி அழுக்காகியிருக்கும், அல்லது லேசர் வலுவிழந்திருக்கும். லேசர் ரெஃபரன்ஸ் வோல்டேஜைப் பறப்புக்குப் பறப்பு வரைந்து வைத்தால் இது முன்கூட்டியே தெரியும். கடலுக்கு மேல் தாழ்வாகப் பறந்த நாட்களுக்குப் பிறகு உப்பு படிந்து இப்படி ஆவது சகஜம்.

கேலிப்ரேஷனுக்குப் பயன்படுத்தும் பாலிஸ்டைரீன் மணிகளின் ஒளிவிலகல் எண் 1.59. அம்மோனியம் சல்ஃபேட்டுக்கு 1.53, நீருக்கு 1.33. மணிகளை வைத்து அளவீடு செய்த கருவி, நீர் ஏறிய துகளை உண்மையைவிடச் சிறியதாகவே காட்டும். இது பழுதல்ல, ஆனால் கட்டுரையில் எந்த விலகல் எண் என்று சொல்லாமல் விட்டால் படிப்பவர்களுக்கு உங்கள் பரவல் பயன்படாது.

உயரம் கூடும்போது எண்ணிக்கை ஏறுகிறது, ஃபில்டர் போட்டாலும் பூஜ்யம் வரவில்லை

உயரே எண்ணிக்கை ஏறுவதற்கு உண்மையான காரணமும் இருக்கலாம். ஐகார்ப்பில், லேசர் துடிப்பு அனுப்பித் துகள் அடுக்குகளைக் காணும் லிடார் கருவியை விமானத்தில் வைத்துப் பார்த்தபோது, கோடையில் நம் கடலோரத்துக்கு மேல் தரையை ஒட்டியதைவிட உயரே தடித்த ஏரோசால் அடுக்குகள் தெரிந்தன. ஆகவே ஏறுகிறது என்பதற்காகவே தள்ளிவிட முடியாது. அதைத் தள்ளுவதா வைப்பதா என்று தீர்மானிக்க லீக் சோதனை வேண்டும்.

அழுத்தமூட்டிய கேபினில் லீக் என்பது தனி ரகம். 6 கிலோமீட்டரில் வெளியே சுமார் 470 ஹெக்டோபாஸ்கல், கேபினுக்குள் 800 பக்கம். குழாய்க்குள் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம். எங்கே குழாய் இணைப்பை இறுக்கும் ஒரு ஃபெரூல் வளையம் தளர்ந்திருந்தாலும், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெடித்திருந்தாலும், கேபின் காற்று உள்ளே பாயும். தரையில் உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம் என்பதால், அங்கே ஃபில்டர் வைத்துப் பார்த்தால் பூஜ்யம் அழகாக வரும். அந்தப் பூஜ்யத்தை நம்பிக் கிளம்பினால் மேலே ஏமாற்றம்தான்.

சரியான சோதனை இதுதான். சிபிசியில் இருக்கும் பியூட்டனாலை வடித்துவிடுங்கள். இன்லெட்டின் வாயை வெளிப்புறத்தில் மூடுங்கள். பம்பால் குழாயை மெதுவாக 500 ஹெக்டோபாஸ்கல் வரை இழுத்து, வால்வை அடைத்துவிட்டு நேரத்தைப் பாருங்கள். குழாயும் கருவிகளும் சேர்ந்து 2 லிட்டர் கொள்ளளவு, ஒரு நிமிடத்தில் அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் ஏறியது என்று வைப்போம். உள்ளே வந்த காற்று, தரை அழுத்தக் கணக்கில், 2000 × 10 ÷ 1013, அதாவது சுமார் 20 கன செ.மீ. பறக்கும்போது இதே அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1 லிட்டர் இழுக்கிறீர்கள் என்றால், அது தரைக் கணக்கில் ஏறக்குறைய 500 கன செ.மீ.தான். ஆக 4 சதவீதம் லீக்.

நாலு சதவீதம்தானே என்று தோன்றும். மேலே வெளிக்காற்றில் 200 துகள், கேபின் காற்றில் 2000 என்றால், கருவி காட்டுவது 192 + 80 = 272. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். பறக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் இந்தச் சோதனையில் இருப்பதைவிடக் குறைவு என்பதால் நிஜத்தில் சற்றுக் குறையும், அவ்வளவுதான். காற்று எத்தனைக்கு எத்தனை சுத்தமாக இருக்கிறதோ, அத்தனைக்கு அத்தனை லீக் கெடுக்கும். தரைப் பக்கம் 3000 இருக்கும் இடத்தில் இதே ஓட்டை கண்ணுக்கே தெரியாது.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க, ஆய்வகமானால் இன்லெட்டில் ஃபில்டர் போட்டு, சிபிசியை ஓடவிட்டு, இணைப்புகளுக்குப் பக்கத்தில் ஊதுபத்திப் புகையைக் காட்டலாம். எண் எங்கே துள்ளுகிறதோ அங்கேதான் பிழை. ஹேங்கரில் நெருப்புக்கு இடமில்லை. அங்கே ஒவ்வோர் இணைப்பாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் அழுத்தச் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டியதுதான். கழற்றி மாட்டிய இணைப்பிலிருந்து தொடங்குங்கள்.

பறக்கும்போதும் ஃபில்டரை இடையில் மாற்றிவிடும் வால்வு ஒன்று வைத்து, ஒவ்வொரு உயரத்திலும் ஒரு நிமிடமாவது பூஜ்யம் பாருங்கள். ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் ஓட்டையை இது காட்டாது. அதற்குத்தான் இறக்கையில் இருக்கும் பீகாஸ்ப். கேபின் காற்று அதைத் தொடாது. உயரே இரண்டிலும் அடுக்கு தெரிந்தால் அடுக்கு உண்மை. சிபிசியில் மட்டும் ஏறினால் 0.1 மைக்ரானுக்குக் கீழான துகளாக இருக்கலாம், லீக்காகவும் இருக்கலாம். அழுத்தச் சோதனை முடிவை வைத்துத்தான் சொல்ல முடியும்.

புழுதி நாளில், கடலுப்பு நாளில் கேபின் கருவிகள் குறைவாகக் காட்டுகின்றன

பெரிய துகள்கள் கேபின்வரை வந்துசேர்வதே இல்லை. குழாய் வளைகிற இடத்தில் காற்று திரும்பிவிடும். 5 மைக்ரான் துகள், வளைவில் வேகம் குறைக்காத பேருந்து மாதிரி, நேரே போய்ச் சுவரில் இடிக்கும். 2003-ல் டிசி-8 விமானத்தின் இன்லெட்டுகளை வைத்து இதற்காகவே ஒரு சோதனைத் தொடர் நடத்தினார்கள். நல்ல இன்லெட்டுகளிலேயே பாதித் துகள்கள் தப்பிவரும் அளவு, தரைப் பக்கம் 5 மைக்ரானை ஒட்டி இருந்தது. 12 கிலோமீட்டர் உயரத்தில் அதைவிடச் சிறிய அளவுக்கே இறங்கியது. உங்கள் குழாயில் செங்கோண வளைவுகள் இருந்தால் இன்னும் மோசம்.

விமான வேகமும் இதில் விளையாடும். இன்லெட் உள்ளிழுக்கும் வேகத்தை 100 மீட்டருக்குப் பொருத்தி வைத்திருக்கிறீர்கள், பைலட் 80-க்குக் குறைக்கிறார் என்றால், வெளிக்காற்றைவிட வேகமாக உறிஞ்சுகிறீர்கள். காற்று வளைந்து உள்ளே வரும், பெரிய துகள் வளையாமல் தவறிவிடும். 120-க்குப் போனால் தலைகீழ்: பெரியவை அளவுக்கு மீறி உள்ளே வரும். வேகம் குறையும்போது மூக்கும் தூக்கும். இன்லெட் காற்றோட்டத்துக்குச் சாய்வாகிவிடும், உதட்டில் இடிப்பது கூடும். வேகத்தையும் தாக்கு கோணத்தையும் எண்ணிக்கையோடு வரைந்தால் இது பளிச்சென்று தெரியும். பறப்புக்கு முன் பைலட்டிடம் உட்கார்ந்து பேசி, அளக்கும் பகுதி முழுவதும் ஒரே வேகம் என்று முடிவுசெய்துகொள்வதுதான் நிவாரணம்.

மூன்றாவது காரணம் உலர்வு. ஓடும் காற்றைத் தடுத்து நிறுத்தினால் அது சூடாகும்: 100 மீட்டர் வேகத்தில் 5 டிகிரி, 200 மீட்டரில் 20 டிகிரி. அதன்மேல் கேபின் சூடு வேறு. வெளியே 80 சதவீத ஈரப்பதத்தில் நீர் ஏறிப் பருத்திருந்த கடலுப்புத் துகள், நெஃபலோமீட்டருக்கு வரும்போது காய்ந்து இளைத்திருக்கும். சிதறல் குறைவாக வருவதில் வியப்பில்லை. பீகாஸ்ப்புக்கும் பனி எதிர்ப்பு ஹீட்டர் உண்டு, அதுவும் துகளை உலர்த்தும். ஹீட்டர் எப்போது போடப்பட்டது என்று குறித்துவையுங்கள். நெஃபலோமீட்டருக்குள்ளேயும் ஈரப்பதத்தைப் பதிவுசெய்துவிட்டு, ‘உலர்ந்த சிதறல்’ என்றே எழுதிவிடுங்கள்.

நெஃபலோமீட்டர் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் போகும் ஒளியைப் பார்ப்பதில்லை. டிஎஸ்ஐ 3563 மாடல் 7 முதல் 170 டிகிரி வரைதான் பார்க்கும். பெரிய துகள்கள் ஒளியை முன்பக்கமாகவே அதிகம் சிதறடிப்பதால், புழுதி நாளில் இந்த இழப்பும் சேரும். திருத்தம் போடாத சிதறல் எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

உண்மையிலேயே பெரிய துகள்தான் வேண்டும் என்றால் கேபினை மறந்துவிடுங்கள். 2010-ல் ஐஸ்லாந்தின் எயாஃப்யாட்லயோகுட்ல் எரிமலைச் சாம்பலை அளக்க பிரிட்டனின் பிஏஇ-146 விமானமும் ஜெர்மனியின் ஃபால்கன் விமானமும் கிளம்பியபோது, சாம்பலின் நிறைக்கு நம்பியது வெளியே இறக்கையில் மாட்டியிருந்த ஒளியியல் கருவிகளைத்தான்.

பிசாப் மைனஸ் காட்டுகிறது

ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் என்றால் கவலைப்படவேண்டாம். அழுத்தமும் ஈரப்பதமும் வேகமாக மாறும்போது ஃபில்டரின் ஒளி ஊடுருவல் தானாகவே ஆடும். கருவி அதைக் கரி என்றோ எதிர்க்கரி என்றோ படிக்கும். ஒரே உயரத்தில் நேராகப் பறக்கும் பகுதிகளை மட்டும் எடுத்து, ஒரு நிமிடமாவது சராசரி போடுங்கள். ஊடுருவல் 0.7-க்குக் கீழே போனால் ஃபில்டரை மாற்றுங்கள். மேகத்தில் ஃபில்டர் நனைந்திருந்தால் அதற்கு அப்புறம் வந்த எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உச்சங்கள் கருவிக்குக் கருவி இடம் மாறித் தெரிகின்றன

இரண்டு காரணங்கள்: குழாய், கடிகாரம்.

உள்விட்டம் 4.6 மி.மீ. உள்ள கால் இஞ்ச் குழாய் 3 மீட்டர் நீளம் என்றால் அதற்குள் 50 கன செ.மீ. காற்று. நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டத்தில் அதைக் கடக்க 3 நொடி. அதற்குள் விமானம் 300 மீட்டர் போய்விடும். நெஃபலோமீட்டரின் அறை பெரியது, அது நிரம்பி மாறுவதற்கு இன்னும் சில நொடி. அதில் உச்சம் தாமதமாக வருவதோடு அகன்றும் வரும். ஆக, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தாமதம். தரையில் இன்லெட்டின் வாயில் ஒரே ஒரு முறை புகையையோ தூளையோ தட்டிவிட்டு, ஒவ்வொரு கருவியிலும் எந்த நொடியில் துள்ளுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வானிலும் ஒரு சோதனை உண்டு. ஒரே அடுக்கை ஏறும்போதும் இறங்கும்போதும் கடந்து பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் ஏறினால், 3 நொடித் தாமதம் அடுக்கை 15 மீட்டர் மேலே தள்ளிக் காட்டும். இறங்கும்போது 15 மீட்டர் கீழே. இரண்டுக்கும் 30 மீட்டர் இடைவெளி என்றால் தாமதத்தைத் திருத்தியதும் ஒன்றாகிவிடும். இடைவெளி நூற்றுக்கணக்கான மீட்டராக இருந்தால் தாமதம் அல்ல; அடுக்கு இடத்துக்கு இடம் சாய்ந்திருக்கிறது, அல்லது நேரத்தில் நகர்ந்திருக்கிறது.

கடிகாரத்தில், மெல்ல விலகும் தவறு லேப்டாப் கடிகாரத்தினுடையது. பறப்பின் தொடக்கத்தில் ஒரு நொடி, முடிவில் நாலு நொடி என்று வளர்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஜிபிஎஸ் நேரத்தில் கட்டிவிட்டால் போயிற்று. இரண்டு கோப்புகள் கொஞ்சமும் ஒத்துப்போகாமல், வரைபடத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வெறுமையாகவே இருந்தால், கருவிகளைக் கழற்றுவதற்கு முன் ஒரு கோப்பை 5 மணி 30 நிமிடம் நகர்த்திப் பாருங்கள். ஒன்று இந்திய நேரத்திலும் மற்றொன்று உலகப் பொது நேரத்திலும் பதிவாகியிருக்கும்.